இலங்கைக்கு ஒரே 'சீசன்' சொல்லும் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கொழும்பு, டொரொன்டோ, லண்டன் என்று பல ஊர்களிலிருந்து இலங்கைக்கு ஆட்களை அனுப்பிவைக்கும் பயண முகவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்புக்கு வடக்கே, பாசிக்குடாக் கடற்கரைக்குக் கிட்ட ஐந்து அறைகள் உள்ள சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். உங்களில் சிலர் எனக்கு ஆள் அனுப்புகிறவர்கள்தான். அதனால் இதை எழுதலாமா வேண்டாமா என்று கனநாள் யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு டொரொன்டோவிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய அம்மம்மா. பிள்ளைகளின் கையில் முகவர் கொடுத்த பளபளப்பான புத்தகம். அட்டையில் எங்கள் பாசிக்குடா: கண்ணாடி மாதிரித் தண்ணீர், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியும் முழங்கால் ஆழத்தில் நிற்கும் ஒரு பெண். அதற்குக் கீழே 'சிறந்த காலம்: டிசம்பர் முதல் மார்ச் வரை' என்று எழுதியிருந்தது. அந்தப் படம் ஜூன், ஜூலையில் எடுத்தது என்பதை இங்கே வள்ளம் தள்ளுகிற பையன்கூடப் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். அவர்கள் வந்த அன்று கடல் மண்ணிறம். ஆறும் வாவியும் கொண்டுவந்து தள்ளிய கலங்கல், மேலே வாடைக்காற்று, கரையில் சிவப்புக் கொடி. ஐந்து நாளில் நாலு நாள் அறைக்குள் கரம் விளையாடினார்கள். தகப்பன் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் சங்கடம். அம்மம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். இப்படி ஒரு மாரி மழையைப் பார்த்து முப்பது வருடமாகிறதாம்.

இந்தத் தீவுக்கு ஒரு மழைக்காலம் கிடையாது, இரண்டு உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கம் மழையைக் கொட்டி, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மிச்சத்தையும் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கி வரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது மழை எங்களுக்கு, வெயில் அவர்களுக்கு. நடுவில் நிற்பது 2,524 மீட்டர் உயரப் பீதுருதாலகாலையும் அதைச் சுற்றிய மலைகளும். மேற்குச் சரிவில் சில இடங்களில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிழக்கும் வடக்கும் வரண்ட வலயம். 1,750 மில்லிமீட்டரைத் தாண்டாது, அதில் பெரும்பங்கு மாரியிலேயே பெய்து முடிந்துவிடும். ஒரே நாளில் காலியில் குடை பிடித்துப் புறப்பட்டு, பின்னேரம் பாசிக்குடாவில் வெயிலுக்குத் தொப்பி தேடலாம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. பிறகு ஏன் எல்லாருடைய பட்டியலிலும் அதே 'டிசம்பர் – மார்ச்'? என் கணக்கு இது. இலங்கைச் சுற்றுலா பெருத்தது ஐரோப்பாவின் பனிக்காலத்தை நம்பி. வெள்ளைக்காரர் குளிருக்கு ஓடிவந்த மாதங்களில் நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவைக் கடல் அமைதியாக இருந்தது. அதுவே 'சீசன்' ஆனது. எங்கள் பக்கம் 1978 நவம்பரில் சூறாவளி அடித்துத் துடைத்தது, பிறகு யுத்தம். 2009 வரைக்கும் கிழக்குக்கும் வடக்குக்கும் உல்லாசப் பயணம் போகிறேன் என்று யார் சொல்வார்? நாட்டின் பாதிக்குப் போகமுடியாத காலத்தில் போட்ட நாட்காட்டி அது. பாதை திறந்து இத்தனை வருடமாகியும் நீங்கள் அதையே பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. நீங்கள் அனுப்புகிற ஆட்களில் பெரும்பகுதி எங்கள் புலம்பெயர்ந்த சொந்தங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நீண்ட பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். நீங்கள் அந்த மாதங்களை 'ஆஃப் சீசன்' என்கிறீர்கள். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறைக்கு மேல் முகம் புதைத்து மீன் பார்க்க அதுதான் நேரம். அறுகம்குடாவில் அலைச் சறுக்குக்காரர் குவிகிற காலம் அது. மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் புல் முளைத்து, நூற்றுக்கணக்கான யானைகள் ஒரே இடத்தில் கூடுவது ஆகஸ்ட், செப்டம்பரில். நல்லூர்க் கந்தன் கோவிலின் 25 நாள் திருவிழாவும் கண்டிப் பெரஹரா ஊர்வலமும் ஜூலைக்கும் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையில்தான் வரும். மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்களே, அதைக் கேட்க வேண்டுமா? அதற்கும் வாவி அடங்கிக் கிடக்கும் கோடைகாலப் பூரணை இரவுதான் வேண்டும். (கேட்டிருக்கிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கூட இருந்தவன் தவளை என்றான்.)

டிசம்பரில் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்களைத் தெற்குக்கும் மேற்குக்கும் அனுப்புங்கள். மிரிசையில் திமிங்கிலம் பார்க்கலாம். சிவனொளிபாத மலை யாத்திரை டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணை வரை போகும். மற்ற மாதங்களில் மழையும் இருட்டுமாக அந்தப் படிகளில் ஏறுவது லேசில்லை. வடக்கேதான் போவோம் என்று நிற்கிறவர்களுக்கும் வழி உண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் பார்க்கலாம், மன்னாரில் வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கலாம். ஆனால் கடலில் குளிக்கலாம் என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள்.

ஒரே ஒரு மாதம் சொல் என்று கழுத்தைப் பிடித்தால் மார்ச் என்பேன். இரண்டு காற்றுக்கும் நடுவில், இரண்டு பக்கக் கடலும் ஏறக்குறைய அடங்கியிருக்கும். பின்னேரத்தில் இடி இடிக்கும், வெக்கை இருக்கும், அவ்வளவுதான். அதே மாதிரி இடைக்காலம்தானே என்று ஒக்டோபர், நவம்பரைச் சேர்த்து விற்காதீர்கள். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகிற மாதங்கள் அவை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவாக இறங்கி எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று எல்லாரும் பார்த்தோம்.

தமிழ்நாட்டு முகவர்களுக்குத் தனியாக ஒன்று. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி கொண்டாட்டமாகத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டது; மாரிக்காலம் தொடங்கியிருந்தது. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டில். ஒக்டோபரில் கடல் என்ன செய்யும் என்று இரண்டு கரையிலும் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். தீபாவளி விடுமுறைக்குக் கப்பலில் போகலாம் என்று யாராவது உங்களிடம் வந்தால், விமானச் சீட்டு விலையையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.

என் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு. ஒன்று நாங்கள் வறுத்துத் தின்கிற நிலக்கடலை. மற்றது எங்களை வறுத்தெடுக்கிற காற்று. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று சொல்லும் அதே தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறி வரும். ஜூன், ஜூலைப் பகலில் உதடு வெடிக்கும், மணல் முகத்தில் அடிக்கும். விடியற்காலையில் கடலுக்குப் போய், பதினொரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இதையும் உங்கள் புத்தகத்தில் போடுங்கள். தெரிந்து வருகிறவர் கோபிக்கமாட்டார்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. 'சிறந்த காலம்' என்ற அந்த ஒரு வரியை இரண்டு வரியாக்குங்கள்: தெற்கும் மேற்கும் ஒன்று, கிழக்கும் வடக்கும் ஒன்று. கடற்கரைப் படம் போட்டால் எந்த மாதத்தில் எடுத்தது என்று ஓரத்தில் எழுதுங்கள்.

போன கிழமை உங்களில் ஒருவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. லண்டன் குடும்பம், ஏழு பேர், டிசம்பர் 22 முதல் ஆறு இரவு, கடல் பார்த்த மூன்று அறை. இன்னும் பதில் போடவில்லை, இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். அறை இருக்கிறது, கடலும் தெரியும். ஜூலைக்கு மாற்றச் சம்மதமா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். ஜூலையில் ஐந்து அறையும் அவர்களுக்குத்தான்.

இப்படிக்கு,
பாசிக்குடா விடுதிக்காரன்