கான்ட்ராக்டர் அக்ரிமெண்ட்டில் ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வீடு கட்டுவது பற்றிய கட்டுரைகளில் டிசைன், கலர், கடன் என்று எல்லாம் வருகிறது, கான்ட்ராக்டரோடு போடும் அக்ரிமெண்ட் பற்றி மட்டும் பேச்சே இல்லை. பலரும் சதுர அடி ரேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

‘கூரை வேலை தொடங்கும்போது 20 சதவீதம்’ என்று அதில் இருக்கும். கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்டரிங் பலகை வந்து இறங்கினாலே தொடங்கியாச்சு என்று பணம் கேட்கலாமே! ‘கூரை கான்கிரீட் போட்டு முடித்தபின்’ என்று மாற்றச் சொல்லுங்கள். அட்வான்ஸைச் சிறிதாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தவணையும் முடிந்த வேலைக்குப் பின்னால் வந்தால்தான், கான்ட்ராக்டர் பாதியில் விட்டுப் போனாலும் மீதியை இன்னொருவரை வைத்து முடிக்கக் கையில் காசு இருக்கும். கடைசியில் 5 முதல் 10 சதவீதம் பிடித்து வைத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுகல், விரிசலைச் சரிசெய்து தந்தபின் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் பொருட்கள். கம்பெனி பெயருக்குப் பக்கத்திலேயே ‘அல்லது அதற்கு இணையானது’ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். இணையா இல்லையா என்று யார் சொல்வது? வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால்தான் மாற்றலாம் என்று சேர்த்துவிடுங்கள். டைல்ஸ் என்றால் அளவு, ஒயர் என்றால் பிராண்ட், கம்பி என்றால் எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இடைவெளி என்பதுவரை வேண்டும். வரைபடமும் அக்ரிமெண்ட்டோடு சேர்ந்தே இருக்கட்டும். சதுர அடிக் கணக்கில் போர்டிகோ, பால்கனி, மாடிப்படிக்கு மேல் வரும் அறை எல்லாம் முழுசா பாதியா என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள், கடைசி பில்லில் தகராறு பெரும்பாலும் இங்கேதான்.

நடுவில் ‘இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளுங்க’ என்று நாமே சொல்வோம். அதற்கு என்ன செலவு, எத்தனை நாள் கூடும் என்று வேலைக்கு முன்பே எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். வேலையாட்களுக்கு அடிபட்டால் காப்பீடு யார் பொறுப்பு, தாமதமானால் அவருக்குத் தரும் பணத்தில் எவ்வளவு கழிக்கலாம், ஒப்பந்தத்தை முறிப்பது எப்படி, இந்த மூன்றும் இல்லாத அக்ரிமெண்ட் அரைகுறைதான்.

‘எல்லாருக்கும் இதே ஃபார்ம்தாங்க’ என்பார்கள். சரி, இருக்கட்டும். பிடிக்காத வரியை அடித்து, புதியதைப் பக்கத்தில் எழுதி, இருவரும் அந்த இடத்திலேயே சுருக்கொப்பம் (இனிஷியல்) போட்டால் போதும், புதுசாக டைப் செய்யக்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்