சயானா, மாஹிமா?

டோம்பிவிலி
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நடக்கச் சொன்னால் பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

மெல்போர்னில் டிராம் ஏழு நிமிடம் தாமதம் என்று புலம்பியிருந்தாயே, அதை மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு டிபன் பாக்ஸ் நழுவிவிட்டது. எங்களுக்கும் மூன்று மொழியில் வருத்தம் தெரிவிக்கிறார்கள், வண்டிதான் வருவதில்லை. நம் ஊர் டிராமாவது 1964 மார்ச் 31-ஓடு மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். காலை பாஸ்ட் லோக்கல். கால்வாசி உடம்பு மட்டும் பதிகிற நாலாவது சீட் கிடைத்தது. குர்லா தாண்டியதும் ஊர்ந்த வண்டி, சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் நின்றே விட்டது. முப்பத்தைந்து நிமிடம். மின்விசிறி ஓடவில்லை. "குடே உதர்ணார்?", எங்கே இறங்குவீர்கள் என்று மராத்தியில் கேட்டு, சீட்டுக்கு அச்சாரம் போட்டு வைத்திருந்த பெண், பைகுல்லாவில் இறங்குவதாகச் சொன்ன என்னைப் பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆபீஸில் அரை நாள் விடுப்பு போச்சு. ஜன்னலுக்கு வெளியே தாராவி. உன் கொள்ளுத் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து முதலில் குடியிருந்த இடம்.

அந்தக் கதை உனக்கும் தெரியும். 1944-ல் பம்பாய்த் துறைமுகம் வெடித்த அன்று, அங்கே கூலி வேலை பார்த்த அவர் தப்பித்தது. "அன்னிக்கு வண்டி பிந்திட்டு, அதான் உங்க தாத்தா பொழைச்சாவ" என்று ஆச்சி சொல்லும்போதெல்லாம் தாலிக்கொடியைத் தொட்டுக்கொள்வாள். சின்ன வயதில் எனக்கு லோக்கல் வண்டி மேல் தனி மரியாதையே இருந்தது. இருபத்தெட்டு வருஷம் அதில் போய் வந்த பிறகு அது மிச்சமில்லை, அது வேறு விஷயம்.

நீ அனுப்பினாயே, பழைய பத்திரிகைகளைத் தேடிப் படிக்க ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம், அதைத்தான் செவ்வாய்க்கிழமை திறந்தேன். காசு கேட்கவில்லை, அதுவே பெரிய ஆச்சரியம். பழைய அச்சை இயந்திரம் படிக்கிறபோது 'பாம்பே'யின் ஆங்கில 'எம்' எழுத்து 'ஆர்', 'என்' என இரண்டாக உடைந்துவிடுகிறது, பிறகு எப்படித் தேடினாலும் அந்தச் செய்தி அகப்படாது. தப்பை நாமே திருத்தலாமாம். நானும் ஒரு நாற்பது வரி திருத்தியிருப்பேன், எல்லாம் வண்டி நின்ற அந்த நேரத்திலேயே. தேடும்போது திருநெல்வேலி என்றால் ஒன்றும் வராது, 'டின்னெவெல்லி' என்று வெள்ளைக்காரன் எழுதியபடி எழுத வேண்டும். தூத்துக்குடிக்கு 'டூட்டிகோரின்'. இப்போதைய சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு 'விக்டோரியா டெர்மினஸ்'. ரயில் கம்பெனிக்கு ஜி.ஐ.பி.

வெடித்தது 1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. விக்டோரியா டாக்கில் நின்ற 'போர்ட் ஸ்டிகைன்' கப்பலில் கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகளும் ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்தும் ஒன்றாக இருந்தன. தங்கக் கட்டிகள் வேறு. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் வைக்க எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ. முதல் வெடி மாலை 4:06, அடுத்தது 4:34. சிம்லாவில் இருந்த பூகம்பக் கருவி வரைக்கும் அதிர்ந்ததாம். தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் போனார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை உன் பள்ளிக்கூடத்தில் வாளியும் மணலுமாகத் தீயணைப்பு வாரம் நடத்தினார்களே, அது இவர்கள் நினைவாகத்தான்.

ஊரே குலுங்கியதைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்ப, நிருபர்களுக்கு மே இரண்டாவது வாரம் வரை அனுமதி இல்லை. போர்க்காலத் தணிக்கை. மறுநாளே விவரமாகச் சொன்னது ஜப்பான்காரர்கள் கையில் இருந்த சைகோன் வானொலி. அதற்குள் சங்கரன்கோவிலில் ஆச்சிக்கு என்ன தெரிந்திருக்கும், யார் சொல்லியிருப்பார்கள்? அதை நான் அவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை, பாப்பா. கேட்கிற வயதில் கேட்கத் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை டவுன் ஹாலின் முப்பது படியையும் ஏறி ஏஷியாட்டிக் நூலகத்துக்குப் போனேன். பழைய பேப்பரில் ஒன்றைத் தேடப் போனால் வேறு ஒன்றில் மாட்டிக்கொள்கிறோம். ஒரு தலைவலி விளம்பரத்தில் மட்டும் கால் மணி நேரம். அமிர்தாஞ்சன் 1893-ல் இந்த பம்பாயில்தான் பிறந்தது, தெரியுமா? அதை ஆரம்பித்த நாகேஸ்வர ராவ் 1908-ல் 'ஆந்திர பத்ரிகா' என்று தெலுங்குப் பத்திரிகையும் இங்கிருந்தே தொடங்கினார். தலைவலியும் மருந்தும் ஒரே கையில் என்று அப்பா சொன்னார். மற்றபடி போர்ச் செய்திதான், கொஹிமா, இம்பால் என்று. தாத்தா பெயர் எதிலும் இல்லை. தப்பித்தவன் பெயரை எவன் அச்சுக்கோப்பான்?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வெடித்தது மாலை நாலு மணிக்கு மேல். காலையில் வண்டி பிந்தினால் என்ன, தாத்தா எப்படியும் அதற்குள் டாக்குக்குப் போயிருப்பாரே? ஆச்சி கதை கட்டிவிட்டாளோ என்று இரண்டு நாள் மனசு கேட்கவில்லை.

பழைய துறைமுகத் தொழிலாளர் பற்றிப் படித்ததும்தான் தெளிந்தது. அப்போது அங்கே முக்கால்வாசிப் பேர் நாள்கூலி. காலையில் வாசலில் நின்றால் தோலிவாலா, அதாவது கூலிக் கூட்டத்தின் தலைவன், ஆள் பொறுக்குவான். பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை, திரும்ப வேண்டியதுதான். இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்ததே 1948-ல். ஆக வண்டி பிந்தி, வாசலில் துரத்தப்பட்டு, ஒரு நாள் கூலி போன வயிற்றெரிச்சலோடு தாராவிக்குத் திரும்பியிருக்கிறார். ஆச்சி கணக்கு சரிதான் என்றே நினைக்கிறேன். கூலி போன பகுதியை மட்டும் அவள் சொன்னதில்லை. எனக்கு இப்போது அதுதான் கண் முன்னால் நிற்கிறது, அந்த மனிதர் காலை பத்து மணிக்கு என்ன திட்டித் தீர்த்திருப்பார் என்று.

உன்னிடம் ஒரு வேலை. கொள்ளுத் தாத்தாவின் மகன், நம் சங்கரன்கோவில் தாத்தாவுக்கு போன் பண்ணு. அப்போது அவருக்கு ஆறு வயது, ஏதாவது நினைவிருக்கும். நான் கேட்டால் "உனக்கு வேற சோலி இல்லையா?" என்று வைத்துவிடுகிறார். நீ பேத்தி, உன்னிடம் பேசுவார். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். அவர் அப்பா ஏறியது சயானிலா, மாஹிமிலா? தாராவிக்கு இரண்டு பக்கமும் ரயில் உண்டு. சயான் என்றால் ஜி.ஐ.பி., மஸ்ஜிதில் இறங்கினால் டாக் பக்கம். மாஹிம் என்றால் பி.பி. அண்ட் சி.ஐ., அது சர்ச்கேட் போகிற வழி, வேறு கம்பெனி, வேறு தாமதம். நான் இத்தனை நாளும் தப்பான லைனில் தேடிக்கொண்டிருக்கலாம்.

காது மந்தம், சத்தமாகப் பேசு. அவருக்கு மத்தியானத் தூக்கம் இரண்டு மணிக்கு, அதற்கு முன்னால் கூப்பிடு. இன்று மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துகிற நாள், நான் எங்கும் போகவில்லை, எப்போது வேண்டுமானாலும் எனக்குச் சொல்லலாம்.

அம்மா