சட்டைப்பைக்குள் அடங்கினால் மட்டும் போதுமா? பிஸ்டல் தயாரிப்பாளர்களுக்குக் கூடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

உரிமம் பெற்றவர்களுக்குச் சிறிய பிஸ்டல் செய்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுவது என் தொழில். பாதிப் பணம் இப்போது வங்கிக் கணக்கில் போய்விடுகிறது. மீதியை ரொக்கமாகத்தான் கேட்கிறார்கள். இருட்டிய பிறகு பணப்பையோடு காட்டுவழியில் வருகிறவன் என்பதால்தான் உரிமம் கேட்டு வாங்கினேன். (யானைக்கா என்று ஊரில் கேட்பார்கள். யானைக்கு இது கொசுக்கடி. தவிர 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.)

தோட்டாவின் குறுக்களவு 9 மி.மீ. உள்ள ரகம் எங்களைப் போன்ற சாதாரண உரிமதாரர்களுக்குத் தடை. ஆகவே பிஸ்டல் என்றால் பெரும்பாலும் .32 அங்குலம், அதாவது 7.65 மி.மீ. தான். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. மலைத் தோட்டக்காரர் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் ஒன்று ஏற்கெனவே இருக்கும். மிச்சம் இருப்பது ஒரே இடம். அதில் நாங்கள் வைப்பது உங்கள் பிஸ்டலை.

அது சுடும்போது பாதியில் நின்றுவிடுகிறது. மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, முழுதாக நிரப்பினால் முதல் தோட்டாவே மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டினால், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறிக்காமல் சிலைடில் (ஒவ்வொரு சுடலிலும் முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "புதுசுல அப்படித்தான் சார், 200 ரவுண்டு சுட்டா செட் ஆயிடும்" என்றார். சரி, எங்கே சுடுவது? வருஷத்துக்கு இத்தனை தோட்டா, கையிருப்பு இத்தனை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. தேயிலைக்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக்கைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகவும் முடியாது. பழக்கியெடுக்கும் வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டுவது, தோட்டா தாராளமாகக் கிடைக்கும் நாட்டுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

சின்ன பிஸ்டலில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெரிய ரகங்களில் பெரும்பாலும் குழலும் சிலைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போகும். .32-இல் அநேகமாக அந்தப் பூட்டு கிடையாது; சிலைடின் எடையும் ஸ்ப்ரிங்கின் விறைப்பும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அளவைச் சுருக்கினால் எடை குறையும், ஈடுகட்ட ஸ்ப்ரிங்கை விறைப்பாக்குவீர்கள், சிலைடு ஓடும் தூரமும் குறுகும். அது போய்த் திரும்பும் இமைப்பொழுதில் மேகசின் ஸ்ப்ரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிவிட வேண்டும். ஸ்ப்ரிங் சற்றுச் சோர்ந்திருந்தாலோ மேகசின் வாய் லேசாக வளைந்திருந்தாலோ வேலை கெட்டது. பிடிக்கிற கையும் இதில் ஓர் உறுப்பு. இரண்டு விரல் மட்டும் கொள்ளும் பிடியில் மணிக்கட்டு தளர்ந்தால் சிலைடு முழு ஓட்டம் ஓடாது. ஜனவரிப் பனியில் மரத்துப்போன விரலால் அந்த விறைத்த ஸ்ப்ரிங்கை இழுத்துப் பாருங்கள், தெரியும்.

தோட்டாவிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1899-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த .32 தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலம். நீளம் குறைந்த தோட்டாவைப் போட்டால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்துவிடும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ச் சிக்கினால் சிலைடை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. மேகசினைக் கழற்றி, நோண்டித்தான் எடுக்க வேண்டும். எதிரில் கத்தியோடு நிற்பவன் அதுவரை காத்திருக்க மாட்டான். எந்த நீளத் தோட்டா உங்கள் மேகசினுக்குப் பொருந்தும் என்று கையேட்டில் ஒரு வரி இல்லை.

அப்புறம் எங்கள் மழை. எங்கள் பக்கத்துத் தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. ஜூனில் ஆரம்பித்தால் அலமாரிக்குள் இருக்கும் செருப்பே பூசணம் பிடிக்கும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பைத் துருவேற்றுகிறது. குளிரில் வெளியே இருந்துவிட்டு அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்தால், மூக்குக்கண்ணாடி மாதிரி பிஸ்டலும் வியர்க்கிறது. ஸ்வெட்டர் நூல்பிசிறு எண்ணெயோடு சேர்ந்து பசையாகிறது. துருவுக்குப் பயந்து எண்ணெயை அதிகம் விட்டால் அது தோட்டாவின் வெடிமருந்து வரை இறங்கிக் கெடுக்கலாம். ராஜஸ்தானுக்கும் தேவாலாவுக்கும் ஒரே பராமரிப்புத் தாளைக் கொடுத்தால் எப்படி?

"புரூஃப் டெஸ்ட் முத்திரை இருக்கிறதே" என்பீர்கள். வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. மேகசின் ஒழுங்காக ஊட்டுகிறதா என்பதற்கு அந்த முத்திரை சாட்சி சொல்லாது. நாங்களே பட்டறையில் கொடுத்து ராவிக்கொள்ளவும் வழியில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். இதே நீலகிரியின் அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக வெடிமருந்து செய்கிறார்கள், நானோ ஒரு ஸ்ப்ரிங் மாற்றக் கோயம்புத்தூருக்கு இறங்குகிறேன்.

ஆகவே, அந்த 200 ரவுண்டை நீங்கள் சுடுங்கள். எந்தத் தோட்டா, எத்தனை முறை நின்றது, என்ன சரிசெய்தீர்கள் என்று எழுதிய தாளை ஒவ்வொரு பிஸ்டலோடும் கொடுங்கள். விலை கூடும், கொடுக்கிறோம். ஸ்ப்ரிங்கையும் மேகசினையும் தேய்கிற பாகமாக நினைத்துக் கடைகளுக்குத் தனியாக அனுப்புங்கள், எப்போது மாற்ற வேண்டும் என்பதோடு. ரிவால்வர் வாங்கிக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்தது வரும் என்பது உண்மைதான். ஆனால் ரிவால்வரே நல்லது என்றால் இதை ஏன் விற்கிறீர்கள்?

என்னுடையதைச் சோதிக்கக் கேட்டால், கடைக்காரர் வழியாக முறைப்படி அனுப்பத் தயார். திரும்பி வரும்போது 'சரிபார்க்கப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பு மட்டும் வேண்டாம். சுட்ட கணக்கையும் நின்ற கணக்கையும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கூடலூர் இலை ஏஜென்ட் ஒருவர்