ஆறு தொகுதி, நான்கு எம்.பி.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொகுதி மறுவரையறை குறித்த தங்கள் தலையங்கத்தில், 2008ஆம் ஆண்டு வரையறை தமிழ்நாட்டில் பெரிய சலசலப்பின்றி நடந்தேறியதாகப் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. எங்கள் சலசலப்பு தங்கள் அலுவலகம் வரை எட்டவில்லை போலும்.

2004 தேர்தல் வரை புதுக்கோட்டை என்றொரு மக்களவைத் தொகுதி இருந்ததைத் தாங்கள் அறியாதவர் அல்லர். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் அதை நீக்கிவிட்டு, புதுக்கோட்டையையும் கந்தர்வகோட்டையையும் திருச்சிக்கும், விராலிமலையைக் கரூருக்கும், திருமயத்தையும் ஆலங்குடியையும் சிவகங்கைக்கும், அறந்தாங்கியை இராமநாதபுரத்துக்கும் பங்கு வைத்தது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். எங்கள் மாவட்டத்தில் இருப்பவையும் சரியாக ஆறு. நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்தையும் பொதுமக்களின் வசதியையும் கருத்தில் கொள்ளுமாறு 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டமே சொல்லியிருக்க, இந்த எளிய கணக்கு அத்தனை சான்றோர் கண்ணுக்கும் தப்பியது வியப்புதான். வழக்குத் தொடரலாமென்றால், தொகுதி வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாகாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 329ஆம் பிரிவு வாசலிலேயே மறிக்கிறது.

என் தமையனாரின் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிரதமர் நிவாரண நிதி கோர எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அண்டை மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் இருந்தவர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுக்கோட்டை மாவட்டம்னு போட்டிருக்கே, இங்க ஏன் வந்தீங்க?" என்றார். எங்கள் ஓட்டு எந்தத் தொகுதியில் விழுகிறது என்று நான் விளக்கி, அவர் யாருக்கோ போன் போட்டு உறுதி செய்துகொள்ளும் வரை நெஞ்சுவலிக்காரர் நடையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடிதம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. 2018இல் கஜா புயல் தென்னைகளை வேரோடு சாய்த்தபோதும், அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் வெவ்வேறு எம்.பி.க்களைத் தேட வேண்டியிருந்தது.

1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, தனி மாவட்டமாவதற்கே 1974 வரை காத்திருந்தவர்கள் நாங்கள்; காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் 1967இல் தமிழ்நாட்டின் இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்ததற்கு அத்தனை பத்தி வருந்திய தங்கள் தலையங்கம், எங்களிடம் இருந்த ஒன்றும் போனதற்கு அரை வரிகூட ஒதுக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. மாநிலத்துக்கு நேர்ந்தால் அநீதி, மாவட்டத்துக்கு நேர்ந்தால் நிர்வாக வசதி போலும்.

மீண்டும் எல்லை வரைபவர்களிடம் எங்களுக்காகத் தாங்கள் வாதாட வேண்டும் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. திருப்பத்தூர் என்ற பெயரில் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால், குழப்பம் வராமலிருக்கத் தேர்தல் முடிவுப் பட்டியலில் அவற்றுக்கு மட்டும் மாவட்டத்தின் பெயரையும் அச்சிடுகிறீர்கள். அடுத்த முறை அறந்தாங்கிக்கும் விராலிமலைக்கும் அருகிலும் "புதுக்கோட்டை மாவட்டம்" என்று சேர்த்துவிடுங்கள். இடம் போதாதென்றால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்ட வாசகர் ஒருவர்