இரண்டு தவணைக்கு ஒரு பூட்டு வேண்டும்

தேசிய மக்கள் சக்தியின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் நிறைவேறியபோது உங்களில் பெரும்பாலானோர் சபையில் இல்லை. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்று 1978 முதல் இருந்த விதி, அன்று ஒரே நாள் விவாதத்தோடு போய்விட்டது. ஆதரவாக 161 வாக்குகள், எதிராக 17. ஆளும் கூட்டணி தேர்தலில் வென்றது 144 ஆசனங்கள்தான். மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும். குறைந்ததற்கும் மேலாகவே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்த கதை.

மக்களிடம் ஏன் கேட்கவில்லை? கேட்கத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் 83ஆவது உறுப்புரை. ஜனாதிபதியின் ஒரு பதவிக்காலத்தை ஆறு வருடங்களுக்கு மேல் நீட்ட வேண்டுமானால் சர்வசன வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது அது. எத்தனை தவணை என்பதைச் சொல்லும் 31(2), மக்களைக் கேட்டே மாற்ற வேண்டியவை என்று 83 தரும் பட்டியலில் இல்லை. அதாவது அன்றைய ஆறு வருடத் தவணையை ஏழாக்க மக்களைக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு தவணையின் பன்னிரண்டு வருடத்தைப் பதினெட்டாக்க 150 கைகள் போதுமாக இருந்தன!

2015இல் மஹிந்த ராஜபக்ஷ மூன்றாவது தடவை கேட்டார், 47.58 வீதம் எடுத்துத் தோற்றார். அவரை வென்ற மைத்திரிபால சிறிசேனவும் 18ஐ ஆதரித்த அமைச்சர்தான். அதே வருடம் ஏப்ரலில் 19ஆவது திருத்தம் 212 வாக்குகளோடு நிறைவேறி, இரண்டு தவணை திரும்ப வந்தது. 18க்கு உயர்ந்த கைகள் பல 19க்கும் உயர்ந்தன. ஆனால் 83இல் அப்போதும் யாரும் அதைச் சேர்க்கவில்லை.

உங்கள் தரப்பு அன்று 18ஐ எதிர்த்தது. இன்று உங்களிடம் 159 ஆசனங்கள் இருக்கின்றன, ஒருவரையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 31(2)ஐ 83இன் பட்டியலில் சேருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. 83ஐத் தொடுவதற்கே சர்வசன வாக்கெடுப்பு வேண்டும், அது பெரிய செலவு என்பீர்கள். சரி, நீங்கள் சொல்லும் புதிய அரசியலமைப்புக்கு எப்படியும் மக்களிடம் போகத்தானே வேண்டும்? அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

சர்வசன வாக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் நம்பவில்லை. 1982 சர்வசன வாக்கெடுப்பில் ‘நீட்டலாம்’ என்ற விளக்குச் சின்னத்துக்கும் ‘வேண்டாம்’ என்ற குடத்துக்கும் நடந்த போட்டியில் விளக்கை வெல்லவைத்து, தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஆனாலும் அவர் அதை நாடு முழுவதும் பகிரங்கமாகக் கேட்க வேண்டியிருந்தது. 2010இல் அந்தச் சிரமம்கூட யாருக்கும் இருக்கவில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிக்கப்போகிறோம், பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். 1994இல் சந்திரிகாவும் ஒழிப்பதாகத்தான் சொன்னார். 2005இல் மஹிந்தவும் சொன்னார். 2015இல் மைத்திரிபாலவும் சொன்னார். ஒழித்துவிட்டால் மகிழ்ச்சி. ஒழியாத வரைக்கும் பூட்டு இருக்கட்டும்.

இன்றைய ஜனாதிபதி முதல் தவணையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். இரண்டாவது தவணையின் நடுவில், “இவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்” என்ற பேச்சு கட்சிக்குள் கிளம்பிய பிறகு, இந்த வரியை எழுத உங்களில் யாருக்கும் கை வராது.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்