பால் சுறா விற்பது குற்றமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘வெளிநாட்டு ஒப்பந்தம் வந்துவிட்டது, இனி சுறாவே விற்கக் கூடாது’ என்று மும்பையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களை யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976 முதல் உறுப்பினர். அது நாடு விட்டு நாடு போகும் சரக்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர்ச் சந்தை அதன் கணக்கில் இல்லை.

குழப்பம் தொடங்கியது 2022 நவம்பரில். பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் ரெக்வியம் என்ற சுறாக் குடும்பம் முழுவதையும் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. இங்கே முஷி, மோரி என்றும் நம் வீடுகளில் பால் சுறா என்றும் சொல்லும் சின்னச் சுறா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இரண்டாம் இணைப்பு என்றால் தடை அல்ல. ஏற்றுமதி செய்பவர் அனுமதி வாங்க வேண்டும். சட்டப்படி பிடித்த மீன் என்பதும், அந்த ஏற்றுமதியால் இனத்துக்குக் கேடில்லை என்பதும் உறுதியாக வேண்டும். புட்டுக்கு அரைக் கிலோ வாங்குபவருக்கு இதில் பயமே வேண்டாம்.

சிறைக்கு அனுப்பக்கூடியது நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை. அம்மணி உழுவை என்ற திமிங்கலச் சுறாவும், ரம்பம் போன்ற கொம்புள்ள வேளா மீனும் அதில் உள்ளன. சட்டத்தின் பார்வையில் அவற்றைப் பிடிப்பதும் வேட்டைதான்: 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வலையில் சிக்கிய வேளாவின் கொம்பை அறுத்துவிட்டு உடலைக் கடலில் தள்ளுவது பெருங்கொடுமை. அந்தக் கொம்பால்தான் அது இரையை உணர்ந்து அடிக்கிறது. கொம்பைப் படகில் வைத்திருப்பதும் குற்றம். அம்மணி உழுவை சிக்கினால் வாலில் கயிறு கட்டி இழுக்காமல் வலையை அறுத்து விடுங்கள். அறுக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். மகாராஷ்டிர அரசு வலை இழப்புக்கு 25,000 ரூபாய் வரை தருகிறது, ஆதாரம் இல்லாமல் கிடைக்காது.

ஏற்றுமதியில் சிக்கல் வருவது துறைமுகத்தில் அல்ல, அதற்கு முன்பே, மீன் இறங்கும் இடத்தில். சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாவின் குட்டியும் பால் சுறாவும் ஒரே கூடையில் விழுகின்றன. தலையையும் துடுப்பையும் வெட்டிய பிறகு எது எதுவென்று சொல்ல முடியாது. துடுப்பு உடலோடு இருக்கும் நிலையில்தான் கரைக்கு வர வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. துடுப்பு ஏற்றுமதிக்கு 2015 முதல் தடை. எனவே வெட்டுவதற்கு முன்பே படகுப் பதிவு எண், தேதி, பிடித்த கடற்பகுதி, இனம், எடை ஆகியவற்றை எழுதி, பக்கவாட்டிலும் மூக்கின் அடியிலும் படம் எடுக்க வேண்டும். பால் சுறாவின் மூக்கு மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கும். முதல் முதுகுத் துடுப்பு வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளி நிற்கும். நீளம் பெரும்பாலும் இரண்டடிக்குள்.

இந்த அடையாளங்களைப் படத்துடன் மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் எழுதிய பலகையை மும்பையின் மீன் இறங்குதுறைகளான சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் மீன்வளத் துறை வைக்க வேண்டும். ஏலம் நடக்கும் இடத்திலேயே, தரையிலிருந்து படிக்கும் உயரத்தில்.

— ஒரு வாசகர்,
சயான், மும்பை