பெண்கள் தையல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அக்கா, தங்கைகளே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் 6 பேர். வீடு மாறிப் போனதால் விலகியவர் ஒருவர். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு மூவர் விண்ணப்பித்திருக்கிறார்கள். சித்திரை தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் மதுரையில் யாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது?

இந்த வருஷம் நாம் எடுத்த பெரிய முடிவு, இனி அளவு ஜாக்கெட் வாங்கி வெட்டுவதில்லை என்பது. பழைய ஜாக்கெட்டைப் பார்த்து வெட்டினால், 5 வருஷத்துக்கு முந்தைய தோளும் பிள்ளை பெறுவதற்கு முந்தைய இடுப்பும்தான் வரும். அதை முதலில் தைத்தவர் செய்த தப்பும் கூடவே வரும். ஒவ்வொருவரையும் டேப் வைத்து அளந்தால் தீபாவளி நெருக்கத்தில் கட்டுப்படியாகாது என்று மூத்தவர்கள் சண்டை போட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஐப்பசியில் நானே இரண்டு பேரிடம் அளவு ஜாக்கெட் வாங்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் டேப்பை எடுத்த பிறகுதான் சில விஷயம் தெரிந்தது. முனிச்சாலைப் பக்கம் ராத்திரி இட்லிக் கடை போடும் அக்காவுக்கு எந்த ஜாக்கெட் தைத்தாலும் வலது அக்குளில் கிழியும். துணி சரியில்லை என்றோம், இரட்டைத் தையல் போட்டோம், அப்போதும் கிழிந்தது. அளந்து பார்த்தால் வலது கை இடது கையைவிட முக்கால் இஞ்ச் பருமன். இத்தனை வருஷம் கரண்டி பிடித்த கை. வலது கைக்குத் தனியாக மாதிரிப் பேப்பர் வெட்டி, அக்குளில் இழுத்தால் நெகிழும்படி சாய்வாக வெட்டிய உள்ளங்கையளவு கிராஸ் துணி ஒன்று சேர்த்தோம். மறுவாரம் வந்து, “கையைத் தூக்குனா ஜாக்கெட்டும் கூடவே எந்திரிக்கல தாயி” என்றார். ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு வந்த நம் திருநகர்த் தங்கை அந்தப் பேப்பரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது.

இன்னொருவர் ஓர் ஆசிரியை. புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்தவர். உள்ளே பஞ்சு வைக்கப் பையோடு, மெல்லிய மல் லைனிங் போட்டுக் கொடுத்தோம். பத்து நாளில் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். “இது வேண்டாம். இப்ப எப்படி இருக்கேனோ அதுக்குத் தைங்க.” மார்புக்கு வடிவம் கொடுக்கும் மடிப்பான டார்ட் ஒரு பக்கம் மட்டும் வர, மறுபக்கம் சுருக்கம் விழாமல் உட்கார வைக்க நான்கு முறை பிரித்தோம். மாம்பழ மஞ்சளில், நம் மதுரைப் புள்ளித் துணியான சுங்குடியில் கை வைக்கச் சொன்னார். அவருக்குப் பிடித்த நிறமாம், இத்தனை நாள் போடத் தயங்கினாராம்.

கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டது பாக்கெட். வைத்தோம். போன் முழுசாக உள்ளே போகவேண்டும், ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி என் தவறு. ஆகஸ்ட் 7 கைத்தறி நாளுக்குச் சுங்குடியில் பத்து குர்த்தி காட்சிக்கு வைக்க நினைத்தோம். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியது நான்தான். முதல் அலசலில் நீளம் குறைந்து, சிவப்புச் சாயம் ஓரத்துப் பைப்பிங்கில் ஏறியது. நான்கு குர்த்தி பாழ். நனைக்காத பருத்தித் துணி சுருங்கும் என்று தெரியாதவளா நான்? அவசரம்.

அந்தத் துணி வாங்கப் போன இடத்தில்தான் கையால் முடிச்சுப் போட்ட பழைய புடவை ஒன்றைப் பார்த்தோம். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் நூல் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிய பிறகு அவிழ்த்தது. புள்ளிகள் ஒரே அளவில் இல்லை, தடவினால் விரலில் சின்னச் சின்ன மேடு தட்டுகிறது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகிலும் ஸ்கிரீனிலும் அச்சடித்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் எந்தப் புடவையிலும் முடிச்சுப் போட்டவள் பெயர் இருந்ததில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நாம் வரைந்த கழுத்து டிசைனை ஒரு துணிக்கடை தன் பொம்மைக்குப் போட்டு விற்றது. பெயர் சொல்ல வேண்டாமென்று தலைவர் சொல்லிவிட்டார். போய்க் கேட்டபோது, “தையல் கூலிதான் கொடுத்துட்டோமே” என்றார்கள். பில்லில் நாம் எழுதியதும் அது மட்டும்தான். ஆகவே தை மாதக் கூட்டத் தீர்மானப்படி, அளவெடுத்துப் பேப்பர் வெட்டுவதற்கும் வரைவதற்கும் ‘டிசைன் கூலி’ என்று தனி வரி போடவேண்டும். இதுவரை போட்டவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பயம். மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் டெய்லர்கள் மெஷின் போட்டிருந்த காலத்தில் (இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் போய்விட்டன) அங்கே ஆண் டெய்லர்கள் கூலி சொல்லும்போது குரல் இறங்கிப் பார்த்ததில்லை. நமக்கு மட்டும் ஏன் இறங்குகிறது?

அடுத்த ஆண்டுக் கூட்டத்தைச் செப்டம்பர் 22 அன்று வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 1921-இல் அந்த நாளில்தான் மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறினார். “நல்ல மனுசன்தான், ஆனா தையக்காரிக்கு வேலை வைக்கலையே” என்று செல்லூர் அக்கா சொன்னதில் தீர்மானம் ஓட்டுக்கு வராமலே சிரிப்பில் போனது. தேதி பிறகு அறிவிக்கப்படும்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். டேப், அளவு நோட்டு இரண்டும் வாசலில் இருக்கின்றன. டீ வருவதற்குள் பக்கத்தில் இருப்பவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் தனித்தனியாக அளக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்